வாடகை வீடு எழுதப்படாத இலக்கியம்: வடபுல முஸ்லிம்களின் அகதி எழுத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை பற்றித் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளையும் சிறுகதைகளையும் நினைவுக் குறிப்புகளையும் ஒருசேர வாசிக்கும்போது, இரண்டு வீடுகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஒன்று, விட்டுவந்த வீடு. அங்கே கிணறு இருக்கிறது. வேம்போ முருங்கையோ நிற்கிறது. பூட்டிய கதவும் மடியில் முடிந்துகொண்டு வந்த சாவியும் இருக்கின்றன. மற்றது, வந்துசேர்ந்த இடத்தில் கட்டிய கிடுகுக் கொட்டில். அது மழைக்கு ஒழுகும்; வெயிலுக்குக் காயும்; பாம்பும் வரும்.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வீடு ஒன்றும் இருந்தது. அது வாடகை வீடு. எமது பேச்சில் சொன்னால், கூலிக்கு இருந்த ஊடு. பிறர் வளவின் ஓர் ஓரம், பிறர் வீட்டின் பின்னறை, பிறர் கடையின் மேல்மாடி, வாய்ப்பேச்சில் கிடைத்த ஒரு துண்டுக் காணி ஆகிய எல்லாவற்றையும் நான் இந்த மூன்றாவது வீட்டுக்குள் அடக்குகிறேன். நான் வாசித்தவரை எமது இலக்கியம் இந்த வீட்டுக்குள் நுழையவில்லை. நுழைந்த ஓரிரு இடங்களிலும் வாசலோடு நின்றுவிட்டது.

ஒரு கருப்பொருள் விடுபட்டுப்போயிற்று என்ற பட்டியல் கணக்காக இதை நான் சொல்லவில்லை. அகதியாக வந்தவர் ஒருநாள் குடியிருப்பாளராக மாறுகிறார். அந்த மாற்றம் நிகழும் இடத்தில்தான் வரவேற்றவரும் வரவேற்கப்பட்டவரும் ஒருவரையொருவர் உண்மையில் சந்திக்கின்றனர். கரையில் வந்திறங்கியவருக்குக் கஞ்சி கொடுப்பது சில நாட்களின் விவகாரம். மாதம் பிறந்ததும் வாடகை கேட்பது பல வருடங்களின் விவகாரம். எமது எழுத்து முதலாவதை விரிவாகப் பேசியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி மௌனமாக இருக்கிறது. இந்த மௌனத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றால் விளைந்த நட்டமும் இருக்கிறது. அவற்றையே இங்கு பேச முனைகிறேன்.

நான் புத்தளத்தைச் சேர்ந்தவன். அகதியாக வந்தவனல்லன், அகதிகள் வந்திறங்கிய ஊரில் வளர்ந்தவன். ஆகவே, இது வீட்டுக்காரர்களின் பக்கத்திலிருந்து எழும் ஒரு குரல் என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

2

முதலில் சில தகவல்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர் வேரோடு பெயர்க்கப்பட்டனர். மன்னாரிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். யாழ்ப்பாணத்தவர்கள் வவுனியா வழியாகத் தெற்கே வந்தனர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். வசதியும் தொடர்பும் இருந்தவர்கள் கொழும்பு, நீர்கொழும்பு, பாணந்துறை என்று சென்றனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. பின்னர் தென்னந்தோட்டங்களிலும் தரிசுக் காணிகளிலும் முகாம்கள் எழுந்தன. தில்லையடி, நுரைச்சோலை, ஆலங்குடா போன்ற பெயர்கள் அவ்வாறுதான் எமது சமூகத்தின் பொதுச் சொல்வழக்கில் நிலைபெற்றன.

இதுவரை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இதற்கு அப்பால் நடந்தது என்ன? எமது கதைகளில் ஒரு பொதுவான பாய்ச்சலைக் காணலாம். வள்ளம் கரை தொட்டதும் அல்லது லொறி புத்தளத்துக்குள் நுழைந்ததும் கதை முடிந்துவிடும். அடுத்த காட்சி யுத்தம் முடிந்த பின்னர் தொடங்கும். நரைத்த தலையுடன் ஒருவர் சோனகதெருவிலோ எருக்கலம்பிட்டியிலோ இடிந்த சுவர் ஒன்றைத் தடவியபடி நிற்பார். இடையிலுள்ள இருபது வருடங்கள் எங்கே போயின? அந்த இருபது வருடங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள், மணமுடித்தார்கள், மௌத்தானவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவையெல்லாம் யாரோ ஒருவருடைய காணியில், யாரோ ஒருவருடைய கூரையின் கீழ் நிகழ்ந்தவை. அந்த யாரோ ஒருவர் எமது புனைவில் முகமில்லாதவராகவே இருக்கிறார்.

சமூக விஞ்ஞானிகள் இந்த இடத்துக்கு எம்மைவிட முன்பே வந்துவிட்டனர். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியருமான மர்ஹூம் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2001இல் வெளியிட்ட ஆங்கில நூல், வடபுல முஸ்லிம்களை இனப்பிரச்சினையில் மறக்கப்பட்ட மக்களாக இனங்கண்டது. நோர்வேயில் ஆய்வு செய்த கத்ரின் புருன் 2008இல் புத்தளத்தை மையமாகக் கொண்டு, இடம்பெயர்ந்தோரும் ஊராரும் ஒரே இடத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை நூலாக்கினார். ஷாரிகா திராணகமவின் 2011ஆம் ஆண்டு நூல், வடபுல முஸ்லிம்களின் வீடு பற்றிய எண்ணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைப் பேசியது. பெற்றோருக்கு ஊர் என்பது வடக்கு. பிள்ளைகளுக்கோ அது அத்தனை நிச்சயமானதல்ல. ஒரு நல்ல நாவலுக்குரிய பொருள் ஆய்வேட்டில் கிடக்கிறது. எமது நாவலாசிரியர்களோ இன்னும் சாவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

3

மௌனத்துக்கான முதற்காரணம் நன்றியுணர்வு என்று கருதுகிறேன். அடைக்கலம் தந்த மண்ணைக் குறைகூறலாகாது என்ற எண்ணம் வந்தவர்களிடம் ஆழமாக உண்டு. கூடவே, வந்த எழுத்தாளர்களின் வாசகர்களிலும் வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்குபவர்களிலும் மண்டபம் தந்தவர்களிலும் பலர் ஊரார். வாடகைக்கிருப்பவர் வீட்டுக்காரரைப் பற்றிக் கதை எழுதிவிட்டு, மறுநாள் அவர் முகத்திலேயே விழிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. புத்தளத்தவரை அன்ஸாரிகளாகவும் வடக்கிலிருந்து வந்தவர்களை முஹாஜிர்களாகவும் உவமிப்பது எமது மேடைகளில் நிலைத்துவிட்ட மரபு. உவமை அழகானது, ஊராருக்குப் பெருமை தருவதும்கூட. ஆனால் எழுத்தில் அது ஒரு மூடியாகப் பயன்படுகிறது. அன்ஸாரி என்று விளிக்கப்பட்டவர் வாடகையைக் கூட்டியதை யாரும் எழுத முடியாது. முஹாஜிர் என்று விளிக்கப்பட்டவர் மூன்று மாத நிலுவை வைத்துவிட்டு இரவோடிரவாக வீடு மாறியதையும் எழுத முடியாது.

இந்த உவமையை எடுத்தாள்வோர், அதே மதீனத்து வரலாற்றின் இன்னொரு நிகழ்வைக் கவனிப்பதில்லை. ஸஅத் இப்னு ரபீஉ தமது சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும்படி கேட்டார். நாம் எல்லோரும் மதரஸாவில் படித்த செய்திதான். வந்தவரின் தேவை என்ன என்பதை வந்தவரே சொன்ன சந்தர்ப்பம் அது. அவர் கேட்டது தகவலை. கொடையைப் பற்றி நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். வழி காட்டுவதைப் பற்றி, அதாவது இந்த ஊரில் எவரிடம் வீடு கேட்கலாம், எவ்வளவு முற்பணம் நியாயம், எதை எழுத்தில் வாங்க வேண்டும், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுப்பது எப்படி என்பதைப் பற்றி, நாம் எழுதியது மிகக் குறைவு.

எழுதப்படாதவற்றுள் ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். எமது வீட்டு வளவில் ஒரு குடும்பம் சில வருடங்கள் இருந்தது. முதல் வாரம் அந்தப் பெண் எனது உம்மாவிடம், "ராத்தா, கிணத்தடிக்கு வரட்டா?" என்று கேட்டார். "இதென்ன கேள்வி, ஒங்கட ஊடு மாதிரித்தானே" என்றார் உம்மா. மூன்றாவது வருடம் அதே கிணற்றடியில், "தங்கச்சி, ஆறு மணிக்கு முந்தி அள்ளிக்கொள்ளுங்க, பொறகு எங்கட புள்ளையளுக்குத் தேவ" என்றார். இரண்டு பேச்சிலும் பொய் இல்லை. உம்மா மாறவுமில்லை, கிணற்றில் நீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். குடிநீர் அரிதான எமது மாவட்டத்தில் இப்படி எத்தனையோ கிணறுகள். அந்த மூன்று வருடத்தில் "ஒங்கட ஊடு மாதிரி" என்பதிலுள்ள "மாதிரி" என்ற சொல்லின் பாரம் எப்படி ஏறிற்று என்பதைச் சொல்லும் ஒரு சிறுகதைக்காக நான் காத்திருக்கிறேன். அதில் வில்லன் தேவையில்லை.

இதே போன்றதுதான் கூலியின் கதையும். கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் வந்தவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்ததால் உள்ளூர்க் கூலியாட்களின் வருமானம் விழுந்தது. தோட்டக்காரருக்கு இலாபம், கூலிக்காரருக்கு நட்டம். இருவரும் "ஊரார்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியவர்கள். அகதியைக் கசந்துகொண்ட ஏழை ஊரானின் மனத்தையும் நாம் எழுதவில்லை. அவனும் எமது புனைவில் முகமில்லாதவனே.

4

இவ்வாறு எழுத முடியும் என்பதற்கு எமது வாசிப்புக்குள்ளேயே முன்னுதாரணங்கள் உண்டு. எம்.ஏ. நுஃமான் 1981இல் தமிழுக்குத் தந்த 'பலஸ்தீனக் கவிதைகள்' எமது தலைமுறைகள் இரண்டைப் பாதித்த நூல். விட்டுவந்த வீட்டையும் மண்ணையும் பாடும் மொழியை எமது அகதிக் கவிதைகள் பெருமளவுக்கு அங்கிருந்தே கற்றன என்பது எனது கணிப்பு. ஆனால், பலஸ்தீன எழுத்தின் மற்றப் பாதியை நாம் போதியளவு கவனிக்கவில்லை. அது அதன் உரைநடை.

கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' குறுநாவல் 1963இல் வந்தது. தண்ணீர்த் தாங்கி வண்டிக்குள் ஒளிந்து குவைத்துக்குப் போக முயன்று மூச்சுத் திணறிச் சாகும் மூவரின் கதை என்றே அதை நாம் அறிவோம். அந்த மூவரில் இளையவனான மர்வான் ஏன் புறப்பட்டான்? அவனது தகப்பன், முகாமின் மண்குடிசையில் பல வருடம் கிடந்து அலுத்தவர். நகரத்தின் ஓரத்தில் கொங்கிரீட் கூரையுடன் மூன்று அறைகள் கொண்ட ஒரு வீடு, காலொன்றை இழந்த ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கிறது. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணை மணந்துகொள்கிறார். இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு மூன்றாவதில் எஞ்சிய காலத்தைக் கழிக்கலாம் என்பது அவரது கனவு. இங்கே கனஃபானி தாயகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஒரு கூரையும் இரண்டு அறைகளின் வாடகையும் ஒரு தகப்பனை என்ன செய்துவிடும் என்று காட்டுகிறார். மகனால் தகப்பனை முற்றாக வெறுக்கவும் முடியவில்லை. அகதி வாழ்வு என்ற பெருஞ்சொல் இங்கே சீமெந்தாக இறுகியிருக்கிறது. எமது கதைகளில் தகப்பன்மார் எல்லோரும் நல்லவர்கள். கூரைகள் எல்லாம் ஓலை. ஆதலால் அவை ஒன்றுபோலவே இருக்கின்றன.

தமிழில் ஷோபாசக்தியைச் சொல்லலாம். 2001இல் வந்த 'கொரில்லா' நாவல், பிரான்ஸில் அகதி அந்தஸ்துக் கோரும் ஒருவரின் விண்ணப்பக் கடிதமாகத் தொடங்குகிறது. அகதி முதலில் எழுதும் இலக்கியம் விண்ணப்பமே என்பதை அந்த வடிவம் சொல்லாமல் சொல்கிறது. அவர் நடித்து, 2015இல் கான் விழாவில் உயர்விருது பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்' திரைப்படம், அந்நியர் மூவர் இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாகிப் பாரிஸ் புறநகர்த் தொடர்மாடியில் குடியேறுவதைச் சொல்கிறது. அங்கே தீபன் பராமரிப்பாளர் வேலை பெறுகிறார். வேலையுடன் வீடும் வருகிறது. எந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில் இடுவது, எந்தக் கட்டடத்தைப் போதைப்பொருள் கும்பல் ஆள்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கற்கும் காட்சிகளே எனக்கு அப்படத்தின் உயிர்ப்பான பகுதி. புதிதாக வந்த ஒருவர் ஒரு குடியிருப்பை வாசிக்கக் கற்றுக்கொள்வதை அவை காட்டுகின்றன. படம் இறுதியில் இந்த வாசிப்பைக் கைவிட்டுத் துப்பாக்கிக்குத் திரும்பிவிடுகிறது. யுத்தத்திலிருந்து வந்தவன் யுத்தம்தான் செய்வான் என்ற எளிய முடிவு அது. எனினும், முன்பாதி எமக்கு ஒரு பாடம்.

5

வாடகை வீட்டை இலக்கியம் எழுதாதபோது அதை வேறொரு எழுத்து எழுதிவிடுகிறது. அது அலுவலகத்தின் எழுத்து. படிவங்கள், சுற்றறிக்கைகள், நிவாரண நிறுவனங்களின் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றையும் விமர்சகன் பிரதிகளாக வாசிக்க வேண்டும் என்பேன்.

அகதி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின்படி நாட்டின் எல்லையைக் கடந்தவரே அகதி. எல்லை கடக்காதவர் 'உள்ளக இடம்பெயர்ந்தவர்'. ஆகவே, சர்வதேச ஆவணங்களில் எமது மக்கள் ஒருநாளும் அகதிகளாக இருந்ததில்லை. புத்தளத்துத் தெருக்களிலோ அவர்கள் முப்பது வருடமும் அகதிகளே. அங்கே பிறந்த பிள்ளையும் 'அகதிப் புள்ள'. முகாமின் உத்தியோகபூர்வப் பெயர் 'நலன்புரி நிலையம்'. யுத்தம் முடிந்த பின் இன்னொரு பிரிப்பு வந்தது: 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் 'புதியவர்', அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தோர் 'பழையவர்'. அவசரம் புதியவர்களுக்கு என்று கருதப்பட்டது. அவர்கள் பட்ட துன்பத்தைப் பார்க்கும்போது அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'பழைய' என்ற பெயரடை பதினெட்டு, பத்தொன்பது வருடக் காத்திருப்பை ஒரு தகுதிக்குறைவாக மாற்றிவிட்டது. ஒரு மொழிப் பிரச்சினை வீட்டுப் பிரச்சினையாவது இப்படித்தான்.

சட்டத்தின் மொழி இதைவிடக் கடினமானது. எமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். 1990களில் புத்தளத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல்களில் எத்தனை அப்படி எழுதப்பட்டன? 'இருங்க, பிறகு பார்த்துக்கொள்வம்' என்பதே பல இடங்களில் ஒப்பந்தம். சொன்னவர் நல்ல மனதோடு சொன்னார். கேட்டவரும் நம்பிக் கேட்டார். 2007இல் உலக வங்கி 32 மில்லியன் அமெரிக்க டொலரில் புத்தளத்து வீடமைப்புத் திட்டத்துக்கு அனுமதி வழங்கியபோது, காணியின் உரித்தை நிரூபிப்பது அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாயிற்று. நல்ல மனதுக்கு உறுதி கிடையாது. கொடுத்தவர் மௌத்தாகி, காணி பிள்ளைகளிடையே பிரிந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்.

இதனுடன் காலவரையறைச் சட்டத்தையும் சேர்த்து வாசித்தால் ஒரு கொடிய முரண் தெரியும். அனுமதியோடு ஒரு காணியில் இருப்பவர், எத்தனை வருடம் இருந்தாலும், அந்த அனுமதியைக் காரணம் காட்டி உரிமை கோர முடியாது. அனுமதியின்றி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையின்றி ஆட்சிசெய்தவர் கோரலாம். அதாவது, புத்தளத்தில் மரியாதையாகக் கேட்டுக் குடியிருந்தவருக்கு இருபது வருடத்துக்குப் பிறகும் ஒரு பேர்ச் நிலத்தில் பாத்தியதை இல்லை. வடக்கில் அவர் விட்டுவந்த வீட்டில் கேளாமல் குடியேறியவருக்கோ பாத்தியதை பிறந்துவிடக்கூடும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக, 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கை ஏற்படுத்தியது. வழக்குத் தொடர அது தந்த கால அவகாசம் குறுகியது. அந்த அவகாசத்துக்குள் அச்சட்டத்தைப் பற்றி எளிய தமிழில், எமது மக்கள் வாசிக்கும் வகையில் எழுதப்பட்டது எவ்வளவு? கவிதைத் தொகுதிகளுக்கு வெளியீட்டு விழா நடத்திய எமது அமைப்புகள், இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றுக்கு நல்ல தமிழ் எழுதிக் கொடுப்பதையும் இலக்கியப் பணியாகக் கருதியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். 'பயனாளி', 'தகைமை', 'உரித்தாவணம்' என்று அடுக்கும் மொழிபெயர்ப்புத் தமிழை, நிவாரண அட்டையை மடியில் வைத்திருக்கும் விதவைப் பெண்ணுக்குப் புரியும் தமிழாக்குவது ஓர் எழுத்தாளன் செய்யக்கூடிய வேலை. அவனால்தான் செய்யக்கூடிய வேலையும்கூட.

பெண்ணின் பெயரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வடக்கு, கிழக்கு முஸ்லிம்களிடையே மணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவதும் வழக்கம். வாடகைக் கொட்டிலில் இருக்கும் தகப்பன் எந்த வீட்டைக் கொடுப்பார்? 1990இல் ஒரு குடும்ப அட்டையில் வந்தவர்கள் 2009இல் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தனர். மீள்குடியேறப் போனபோது பழைய வளவு ஒன்றுதான். அதில் எல்லோருக்கும் வீடு கட்ட இடமில்லை. இதனால் சொந்த ஊருக்குத் திரும்பியும் கூலிக்கு வீடு தேட வேண்டிய நிலை பலருக்கு வந்தது. ஊருக்கே புதிதாக வந்தவர்போல், தான் பிறந்த தெருவில் வாடகை விசாரிக்கும் ஒருவரின் கதையைவிடக் கூர்மையான மீள்குடியேற்றக் கதை வேறு என்ன இருக்க முடியும்?

6

இவையெல்லாம் பழங்கதை என்று கருதுவோருக்காக அண்மைய நிகழ்வுகளுக்கு வருகிறேன். இலங்கை 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் கைச்சாத்திடாத நாடு. எனினும், பாகிஸ்தானிலிருந்து அஹ்மதியாக்களும் கிறிஸ்தவர்களும் ஆப்கானிஸ்தானிலிருந்து ஹஸாராக்களும் இங்கு வந்து, ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து, மூன்றாவது நாடொன்று தம்மை ஏற்கும்வரை காத்திருந்தனர். வேலை செய்ய அனுமதியில்லை. நீர்கொழும்புப் பகுதியில் வாடகை வீடுகளில் தங்கினர். 1990க்குப் பின் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வாடகைக்கு வீடு தேடிய அதே நீர்கொழும்பு அது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் சில நாட்களுக்குள், அவர்களில் நூற்றுக்கணக்கானோர் அந்த வீடுகளிலிருந்து துரத்தப்பட்டனர். குண்டுவைத்தவர்களுடன் அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பலர் அதே வகைத் தீவிரவாதத்துக்குத் தப்பி வந்தவர்கள். சில வீட்டுக்காரர்கள் பயந்து அனுப்பினர். சிலர் கூட்டத்தின் மிரட்டலுக்குப் பணிந்து அனுப்பினர். வாடகைக்கிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்றலாம் என்ற விதி அந்த வாரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அஹ்மதியாக்களின் கட்டடங்களிலும் நீர்கொழும்புப் பொலிஸ் நிலைய வளவிலும் குழந்தைகளோடு அவர்கள் கிடந்தனர். வவுனியா பூந்தோட்டத்துக்குச் சிலரைக் கொண்டுசெல்ல முற்பட்டபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது. இதற்கு முன்னர், 2017 செப்டெம்பரில் கல்கிசையில் றோஹிங்யாக் குடும்பங்கள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையிலான கும்பலொன்று முற்றுகையிட்டதும் அவர்கள் பூஸாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் நினைவிருக்கலாம்.

அந்த ஏப்ரலில் எமது சமூகமும் பயத்தில் இருந்தது. எம்மவரின் வீடுகளும் கடைகளும் அடுத்த மாதமே தாக்கப்பட்டன. ஆகவே, எவரையும் குற்றக்கூண்டில் ஏற்றுவது எனது நோக்கமல்ல. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நாம் எழுதியவற்றைப் பார்க்கிறேன். எம்மீது விழுந்த பழியைப் பற்றி எழுதினோம். எமது அடுத்த தெருவில் கூலிக்கு இருந்தவர்கள் மூட்டையோடு வெளியேறியதைப் பற்றி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அவர்களில் பலர் கொள்கையால் எம்மிலிருந்து வேறுபட்டவர்கள் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்குமெனில், அதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். கொள்கை வேறுபாடு மார்க்க அறிஞர்களின் விவகாரம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குழந்தை இலக்கியத்தின் விவகாரம். 1990இல் எம்மவரைத் துரத்தியவர்களும் ஓர் அடையாளத்தைக் காரணம் காட்டியே துரத்தினார்கள்.

2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட றோஹிங்யாக்களுடன் ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது, முள்ளிவாய்க்கால்க் கரையின் மீனவ மக்கள் அவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்தனர். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று வடக்கில் ஆர்ப்பாட்டங்களும் நடந்தன. 2009இன் அழிவைக் கண்ட அதே கரையில் இது நிகழ்ந்தது. அந்தச் செய்தியை நான் மகிழ்ச்சியோடும் சிறிது பொறாமையோடும் வாசித்தேன். எனினும், அங்கும் நிகழ்ந்தது கஞ்சி கொடுக்கும் கட்டம்தான். வந்தவர்கள் விமானப்படை முகாமொன்றில் வைக்கப்பட்டனர். வாடகை கேட்கும் கட்டம் எங்கும் கடினமானது.

7

சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்கிறேன். எமது அகதி இலக்கியம் இழப்பின் இலக்கியமாகவும் நன்றியின் இலக்கியமாகவும் இருந்து வந்துள்ளது. இரண்டும் தேவையானவை. ஆனால் இரண்டுமே உறவை அல்ல, உணர்ச்சியை மட்டுமே பேசுபவை. உறவு தொடங்குவது கணக்கில்: முற்பணத்தில், பற்றுச்சீட்டில், மின்சாரக் கட்டணத்தைப் பங்கிடுவதில், கக்கூசைத் துப்புரவாக்குவது யார் என்பதில், மகளுக்கு மாப்பிள்ளை வரும் நாளில் வீட்டுக்காரரின் முன்னறையைக் கேட்கலாமா என்ற தயக்கத்தில். இந்த விபரங்களை எழுதும்போதுதான் ஊரான், அகதி என்ற இரு சொற்களும் உடைந்து மனிதர்கள் வெளியே வருவார்கள்.

இதில் முதல் அடி எடுத்துவைக்க வேண்டியவர்கள் புத்தளத்து எழுத்தாளர்களாகிய நாமே. வந்தவர்கள் எழுதினால் அது நன்றிகேடாக வாசிக்கப்படும். நாம் எழுதினால் அந்த ஆபத்து இல்லை. எமது வளவுகளில் யார் இருந்தார்கள், என்ன வாங்கினோம், என்ன வாங்காமல் விட்டோம், எப்போது முகம் சுளித்தோம், அவர்கள் போனபின் அந்த அறையை என்ன செய்தோம் என்பதை நாம் எழுதத் தொடங்கினால், வந்தவர்களும் தமது பக்கத்தை எழுதத் துணிவார்கள். அன்று பெற்றோரோடு வந்த குழந்தைகள் இன்று நாற்பதைத் தாண்டுகிறார்கள். வாடகைப் பேச்சு நடத்திய அவர்களது பெற்றோர் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் சென்று கேட்டு எழுதுவதற்கு இன்னும் நெடுங்காலம் இல்லை.

இன்னொன்றும் செய்யலாம். இனியும் இந்தத் தீவுக்குப் படகுகள் வரும். வெள்ளமும் மண்சரிவும் தீவுக்குள்ளேயே மக்களை இடம்பெயர்க்கும். வீடு தேடி வருபவருக்குக் கொடுக்கக்கூடிய ஒரு சிறு கைநூலை எமது எழுத்தாளர்கள் சிலரும் சட்டம் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து எழுதலாம். வாடகை கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், பேச்சை எழுத்தில் வையுங்கள், பொலிஸில் பதிவு கேட்டால் இவற்றைக் கொண்டுபோங்கள், வெளியேறச் சொன்னால் முதலில் இங்கே கேளுங்கள் என்ற அளவில் எளிய தமிழிலும் சிங்களத்திலும் உர்தூவிலும் அது இருக்கட்டும். முஹாஜிர் ஒருவர் அன்று கேட்டது அதைத்தான்.

இக்கருத்துகளுடன் உடன்படாதவர்கள் இருப்பார்கள். நான் வாசிக்கத் தவறிய கதைகளும் இருக்கக்கூடும். அவற்றைச் சுட்டிக்காட்டி எழுதுபவர்களை, குறிப்பாகக் கூலி வீடுகளில் வளர்ந்தவர்களை, இந்த இதழின் பக்கங்களில் சந்திக்க விரும்புகிறேன்.